பாட்டே இல்லாமல் ஒரு படைப்புக் கதை!

போன ஞாயிறு உத்திரமேரூரில் சித்தி வீட்டில் இருந்தேன். ஏழாவது படிக்கும் சித்தி மகளிடம் போனில் ஒரு வீடியோ காட்டினேன். வெளிநாட்டுப் பள்ளி மாணவர்கள் வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் என்று கம்பி வாத்தியங்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஜப்பானின் ஷின்டோ மரபில் வரும் உலகம் பிறந்த கதையை வாசிக்கிறார்கள்.

"யாருமே பாடலையேக்கா... இதுல கதை எங்க இருக்கு?" என்றாள்.

நியாயமான கேள்வி. முதலில் கதையைச் சொன்னேன். கி.பி. 712-ல் தொகுக்கப்பட்ட 'கொஜிகி' நூலில் வருவது. நிலம் என்ற ஒன்றே உருவாகாத காலம். இசநாகி, இசநாமி என்ற இரு தெய்வங்கள் விண்ணில் மிதக்கும் பாலத்தில் நின்று, ஓர் ஈட்டியால் கீழே இருக்கும் உப்புக் கடலைக் கலக்குகிறார்கள். ஈட்டியைத் தூக்கும்போது நுனியிலிருந்து சொட்டும் துளிகள் உறைந்து ஒரு தீவாகின்றன.

இப்போது மறுபடி கேட்கச் சொன்னேன். டபுள் பாஸின் அடிக்குரலைக் கடலாக நினைத்துக்கொள். வில்லைக் குட்டிக் குட்டியாக வேகமாக இழுத்தால் நீர் கலங்குகிறது. வில்லை விட்டுவிட்டு விரலால் கம்பியைச் சுண்டினால், சொட்டுச் சொட்டாகத் துளி! இந்தக் குழுவில் நாலு ஸ்வரம் மட்டுமே தெரிந்த பிள்ளைக்கும் வேலை உண்டு. அந்த நாலு ஸ்வரத்தில் அவன் கடலாகிவிடலாம்.

"நம்ம பக்கம் இப்படிக் கதை இருக்கா?"

இருக்கிறதே! காஞ்சியில் அம்பாள் மணலில் லிங்கம் பிடித்தாள்; கம்பை ஆற்றில் வெள்ளம் வந்தபோது கட்டியணைத்துக் காத்தாள். ஏகாம்பரநாதர் கோயிலின் அந்தப் பிருத்வி லிங்கத்தின் மேல் முத்துசுவாமி தீட்சிதர் பைரவி ராகத்தில் கீர்த்தனை செய்தார். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர். ஆக, கதையும் நம்முடையது, கம்பியும் நமக்குப் பழகியது.

"நானும் கத்துக்கவா?" என்றாள். "படிப்பு கெட்டுடும். அதெல்லாம் வசதி இருக்கறவங்களுக்கு" என்றார் சித்தி.

சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மானின் கே.எம். இசைக் கல்லூரியில் இயங்கும் 'சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா', வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாகவே இந்த வாத்தியங்களைச் சொல்லித்தருகிறது. ஜப்பானின் ஷினிச்சி சுஸுகியோ (1898–1998), தாய்மொழி பேசப் பழகும் எந்தக் குழந்தையும் அதேபோல் கேட்டுக் கேட்டு வயலினும் வாசிக்கும் என்று சொல்லி, அதையே பயிற்சி முறையாக்கினார்.

ஆசைப்படும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால் இரண்டு விஷயம். காஞ்சிபுரத்தில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. வயது வரம்பு, வகுப்பு நேரத்தை நேரில் விசாரியுங்கள். வயலினில் அரை, முக்கால் அளவுகள் உண்டு. கை நீளத்தை ஆசிரியரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள். 'வளர்ந்தா சரியாயிடும்' என்று பெரிதாக வாங்க, அது பள்ளிச் சீருடை இல்லை!

சித்தி இன்னும் சரியென்று சொல்லவில்லை. நான் கிளம்பும்போது, அவள் டிபன் பாக்ஸில் ரப்பர் பேண்டை மாட்டிச் சுண்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதுதான் துளி... கேக்குதா?"

கேட்டது. சித்திக்கும் கேட்டிருக்கும்.