கல்லறையிலிருந்து காட்சிப்பேழைக்கு

ரோமர் தலையெடுக்கும் முன்னரே மத்திய இத்தாலியில் செழித்து வாழ்ந்த எத்ரூஸ்கர், தமது வரலாற்றைத் தாமே கூறும் நூல் எதனையும் விட்டுச் செல்லவில்லை. ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ள அவர்களது சாசனங்களும் பெரும்பாலும் பெயர்களையும் காணிக்கை வாசகங்களையுமே கொண்டவை. எனவே அம்மக்களை அறிய எஞ்சியிருக்கும் பிரதான ஏடு அவர்களது கல்லறைகளேயாகும். இறந்தவருடன் எப்பொருள் எவ்விடத்தில் எதனருகே வைக்கப்பட்டிருந்தது என்பதே அந்த ஏட்டின் எழுத்து.

அந்த ஏட்டைக் கிழித்து விற்றவர்களிடமிருந்து உலகின் பெரும் நூதனசாலைகள் வாங்கிக் குவித்தன என்பதே வெட்கத்துக்குரிய உண்மை. 1971 டிசெம்பரில் செர்வெத்தேரியின் எத்ரூஸ்கக் கல்லறையொன்றிலிருந்து, கிரேக்க ஓவியன் யூப்ரோனியஸ் தீட்டிய மதுக்கலமொன்று களவாகத் தோண்டியெடுக்கப்பட்டது. மறு ஆண்டே நியூயோர்க் மெட்ரோபொலிற்றன் நூதனசாலை அதனைப் பத்து இலட்சம் டொலருக்கு வாங்கியது. லெபனான் வணிகர் ஒருவரின் பழைய உடைமை என்று விற்றவர் கூறிய கதையை ஏற்றுக்கொள்வது வாங்கியவர்களுக்கு வசதியாக இருந்தது எனலாம்.

1995இல் ஜெனீவாவில் வணிகர் ஜியாகோமோ மெடிச்சியின் களஞ்சியம் சோதனையிடப்பட்டபோது, மண் ஒட்டிய நிலையிலும் உடைந்த துண்டுகளாகவும் அரும்பொருள்களைக் காட்டும் ஆயிரக்கணக்கான புகைப்படங்கள் சிக்கின. அவற்றுட் பல, பின்னர் நூதனசாலைக் கண்ணாடிப் பேழைகளுள் பளபளத்தவை. 2004இல் மெடிச்சி குற்றவாளியாகக் காணப்பட்டார். 2006இல் மெட்ரோபொலிற்றன் இத்தாலியுடன் உடன்பாடு செய்து, 2008 ஜனவரியில் மதுக்கலத்தைத் திருப்பியனுப்பியது.

இதனை நாம் வரவேற்கிறோம். ஆயினும் திரும்பியது கலம் மட்டுமே. அது ஆணின் கல்லறையில் இருந்ததா, பெண்ணின் கல்லறையில் இருந்ததா, கிரேக்கக் கலமொன்றை எத்ரூஸ்கக் குடும்பம் எக்கருத்தில் சாவுடன் சேர்த்து வைத்தது என்பனவற்றை எந்த உடன்பாடும் மீட்டுத்தரப் போவதில்லை.

எங்கிருந்து வந்தது என்று கேளாதவர்கள் ஏமாறவும் செய்தனர். இதே நூதனசாலை 1915 முதல் 1921 வரை வாங்கிய மூன்று பெரிய சுடுமண் போர்வீரர் உருவங்கள் எத்ரூஸ்கக் கலையின் சிகரமெனக் காட்டப்பட்டன. அவற்றின் கரும்பூச்சில் எத்ரூஸ்கர் பயன்படுத்தியிராத மங்கனீசு இருந்தது. 1961இல், அவற்றைச் செய்தவர்களுள் ஒருவரான அல்பிரெதோ பியோரவந்தி, சிலையொன்றின் காணாமற்போன பெருவிரலைத் தானே வைத்திருந்து ஒப்படைத்தார். அறிஞர்களின் புகழுரைகள் என்னவாயினவோ!

1902இல் மொந்தெலெயோனே என்னும் மலைக்கிராமத்தில் கிடைத்த வெண்கலத் தேரின் வழக்கோ இன்னும் சிக்கலானது. 1903இல் வாங்கப்பட்ட அத்தேரைக் கிராமத்தார் திருப்பிக் கோரியபோது, நூறாண்டு கடந்துவிட்டது என்று நூதனசாலை மறுத்தது; இத்தாலிய அரசும் அவர்களுக்குத் துணைநிற்கவில்லை. தேர் இன்றும் நியூயோர்க்கிலேயே உள்ளது. கிராமத்திலோ அதன் பிரதி.