கேட் இருக்கு, வாட்ச்மேன் எங்கே?

சி பிளஸ் பிளஸ்ல மார்க்கை பிரைவேட்டில் வைத்து, கெட் ஒன்று, செட் ஒன்று எழுதியே கை வலிக்குது. 2007-ல் வந்த சி ஷார்ப் 3.0 அதை ஒரே வரியாக்கியது: "கெட்; செட்;" அவ்வளவுதான். ஒளிந்திருக்கும் வேரியபிளைக் கம்பைலரே உருவாக்கிக்கும். இதுதான் ஆட்டோமேட்டிக் பிராப்பர்ட்டி.

சூப்பர்தான். ஆனால் எல்லாத்துக்கும் இதையே போடுவது சரியில்லை என்பேன். நம்ம ஊர் தமிழ் வீதித் திண்ணையில் யாரும் உட்காரலாம். பிரெஞ்சு வீதியிலோ உயர்ந்த மதில், கேட். இது மதிலும் கட்டி, கேட்டையும் திறந்தே வைக்கிற கதை! 100-க்கு 450 மார்க் கொடுத்தாலும் வாங்கிக்கும். (நமக்குக் கிடைச்சா சந்தோஷம்தான்!)

மாணவர் பெயருக்கு இது போதும். பதிவு எண்ணுக்கு 'பிரைவேட் செட்' போடுங்க, வெளியே இருந்து மாத்த முடியாது. மார்க்குக்கு மட்டும் சோம்பல் படாம, முழு பிராப்பர்ட்டி எழுதி, செட்டுக்குள் ஒரு 'இஃப்' வையுங்க.