தேறினவன் நான், தேறாதவன் அவன்



போன வாரம் விடுதியில் ராத்திரி சாப்பாட்டின்போது ஒரு பெரிய சண்டை. "நவோதயா பள்ளி தமிழ்நாட்டுக்கு வரணுமா, வேண்டாமா?" என்று ஆரம்பித்தது, ரசம் ஆறிப்போகும்வரை ஓயவில்லை. எல்லோரும் இந்தியைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அதைவிட வேறொரு கேள்வி குடைந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே.

முதலில் என் கதை. சொந்த ஊர் பள்ளங்கி. கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் ஏரி, தூண் பாறை, கோக்கர்ஸ் வாக் பார்த்துவிட்டு ஹோம்மேட் சாக்லேட்டோடு இறங்கிவிடுவீர்கள். வில்பட்டிப் பக்கம் திரும்பி உள்ளே வந்தால் படிப்படியாக வயல்கள் தெரியும். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு. அங்கேதான் நாங்கள்.

பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் இன்னொருவன் இருந்தான். கணக்கில் அவன்தான் புலி. பின்னக் கணக்கு எனக்குப் புரிந்தது வாத்தியார் சொல்லி அல்ல, அவன் சொல்லித்தான். எட்டாம் வகுப்பில் ஒரு தேர்வு வந்தது. தேறினால் கீழே சமவெளியில் விடுதியோடு நல்ல பள்ளி, செலவு இல்லை. இரண்டு பேரும் எழுதினோம். நான் தேறினேன். அவன் தேறவில்லை.

ஏன்? எனக்கு ஒரு மாமா இருந்தார். பழைய வினாத்தாள்களை வாங்கி அனுப்பி, இரண்டு மாதம் கடிகாரத்தை வைத்துப் பழக்கினார். அவன் வீட்டில் தேர்வுக்கு முந்தின நாள் பீன்ஸ் எடுப்பு. ராத்திரி மூட்டை ஏற்றிவிட்டு, விடியக்காலை பஸ் பிடித்து வந்து உட்கார்ந்தான். எங்கள் இருவருக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். மூளையில் அல்ல.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பிள்ளைகளை வடிகட்டி எடுத்துத் தனிப் பள்ளியில் வைக்கும் யோசனை நம்முடையது மட்டுமல்ல. இங்கிலாந்தில் 1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு இது நாடு முழுக்க நடந்தது. பதினோரு வயதில் ஒரு தேர்வு. தேறினவர்கள் கிராமர் பள்ளிக்கு, அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு. மீதிப் பேரில் பெரும்பாலோர் வேறு பள்ளிக்கு, பிறகு கடைக்கும் தொழிற்சாலைக்கும். பதினோரு வயதில் தலையெழுத்து! இன்னொரு கூத்து, பெண்கள் நன்றாக எழுதினார்கள், அவர்களுக்கு இடம் போதவில்லை. அதனால் பல ஊர்களில் பையன்களைவிடப் பெண்கள் அதிக மார்க் எடுத்தால்தான் இடம்.

இதை ஆதரிப்பவர்கள் காட்டும் உதாரணம் மார்கரெட் தாட்சர். கிரான்தம் என்கிற சந்தை ஊரில் பலசரக்குக் கடைக்காரர் மகள், அந்த ஊர் கிராமர் பள்ளியில் படித்து, ஆக்ஸ்போர்டு போய், 1979இல் பிரதமர் ஆனார். நல்ல உதாரணம்தான். ஆனால் அவர் கல்வி அமைச்சராக இருந்த 1970 முதல் 1974 வரையிலான காலத்தில்தான் ஏராளமான ஊர்கள் இந்தத் தேர்வைக் கைவிட்டு எல்லோருக்கும் பொதுவான பள்ளிக்கு மாறின. தேறாத பிள்ளைகளின் பெற்றோர்தானே எண்ணிக்கையில் அதிகம்! 1998இல் புதிதாக கிராமர் பள்ளி திறக்கக் கூடாது என்றே சட்டம் வந்தது. மிச்சம் இருப்பவை 163. அவற்றில் ஏழைப் பிள்ளைகள் குறைவு, டியூஷன் வைக்க வசதி உள்ளவர்கள் அதிகம் என்பதுதான் அங்கே இன்றைக்கும் உள்ள புகார்.

இப்போது நவோதயா. 1986 தேசியக் கல்விக் கொள்கையில் வந்த திட்டம். ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வு, பள்ளிக்கு 80 பேர், முக்கால்வாசி இடம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு. இங்கிலாந்தைவிட யோசித்துச் செய்த திட்டம் என்று ஒப்புக்கொள்கிறேன். நாடு முழுக்க 650க்கும் மேல் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் உண்டு. மும்மொழி காரணமாக நம் அரசுகள், கட்சி மாறினாலும், வேண்டாம் என்றே சொல்லி வந்திருக்கின்றன. 2017 செப்டம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனுமதி கொடுக்கச் சொன்னது, அதே டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தடை போட்டது.

இந்தியை ஒரு நிமிஷம் தள்ளி வையுங்கள். நவோதயா வேண்டாம் என்ற நாம் இங்கே என்ன செய்கிறோம்? அரசு மாதிரிப் பள்ளிகள். 2022 செப்டம்பர் 5 அன்று சென்னையில் பெரிய விழா வைத்து 15 மாதிரிப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். பிறகு எல்லா மாவட்டங்களுக்கும் வந்தது. அரசுப் பள்ளிகளில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, தங்கவைத்து, ஐஐடி போன்ற இடங்களுக்குத் தயார் செய்வது. அந்தப் பிள்ளைகள் ஜெயிக்கும்போது எனக்கும் கண் கலங்குகிறது. பொய் சொல்லவில்லை.

ஆனால் ஒரு முரண்பாடு உறுத்துகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவனுக்கு நீட் வைத்தால், "கோச்சிங் போனவன்தான் தேறுவான், கிராமத்தான் எங்கே போவான்?" என்று கேட்கிறோம். சரியான கேள்வி. அதனால்தான் 2006இல் நுழைவுத் தேர்வை ஒழிக்கச் சட்டம் போட்டோம், 2020இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் ஒதுக்கினோம். அதே கேள்வியைப் பதிமூன்று வயதுப் பையன் விஷயத்தில் மட்டும் ஏன் கேட்பதில்லை?

இன்னொன்று யாரும் பேசாதது. நான் கிளம்பிய பிறகு என் வகுப்பு என்ன ஆனது? நன்றாகப் படிக்கும் நாலைந்து பேரை எடுத்துவிட்டால், மீதிப் பேர் யாரைப் பார்த்துப் படிப்பார்கள்? வாத்தியாரிடம் தட்டிக் கேட்கிற பெற்றோரும் அந்தப் பிள்ளைகளோடு போய்விடுகிறார்கள். எங்கள் ஊரில் உருளைக்கிழங்கைத் தரம் பிரிப்போம். பெரிசு சந்தைக்கு. விதைக்கு வைப்பது சின்னது. சின்னதாக இருப்பதால் அதில் ஒன்றும் முளைக்காது என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டான்.

"அப்போ நல்ல பள்ளியே வேண்டாமா? நீ மட்டும் படிச்சுட்டு ஏணியைத் தள்ளிவிடறியா?" என்று என் அறை நண்பன் கேட்டான். நியாயமான அடி. பதில் சொல்கிறேன்.

கொடைக்கானலிலேயே 1901இல் தொடங்கிய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி இருக்கிறது. அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக ஆரம்பித்தது. அந்த மலையில் நல்ல பள்ளிக்கூடம் நடத்த முடியும் என்பதற்கு நூற்றிருபது வருஷ சாட்சி அது. குளிர், மழை, தூரம் எல்லாம் அவர்களுக்கும் ஒன்றுதானே? ஆக, மலை ஒரு காரணம் இல்லை. காமராஜர் காலத்தில் பள்ளி திறக்கும்போது பார்த்தது தூரத்தை. பிள்ளை நடக்கிற தூரத்தில் பள்ளி இருக்கிறதா என்பதுதான் கேள்வி, பிள்ளை புத்திசாலியா என்பது அல்ல. அந்த வழியில் போன மாநிலம் இது.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. மாதிரிப் பள்ளி இருக்கட்டும். ஆனால் அங்கே கிடைக்கிற கணக்கு வாத்தியாரும் ஆய்வுக்கூடமும் பள்ளங்கிக்கும் பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் எப்போது வரும் என்பதற்கு ஒரு தேதி வேண்டும். தேதி இல்லாத மாதிரி, மாதிரி அல்ல, விதிவிலக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வர இன்னொரு பஸ் விட்டால்கூடப் பல பேருக்கு பிளஸ் டூ சுலபமாகும்.

கடைசியாக ஒன்று. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவனைப் பார்த்தேன். தோட்டம் பார்க்கிறான். மண்டியில் கமிஷன், வண்டி வாடகை, கூலி எல்லாவற்றையும் கழித்து கையில் நிற்பது எவ்வளவு என்று நான் செல்போனை எடுப்பதற்குள் சொல்லிவிட்டான். கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டான்: "மாப்ள, தங்கச்சி எட்டாவது படிக்குதுடா. உன் மாமா அனுப்பினாரே, அந்தக் கொஸ்டின் பேப்பர் மாதிரி ஏதாவது கிடைக்குமா?"

இந்தத் தேர்வுக்கு எதிராக இத்தனை பத்தி எழுதினவன், நேற்று அதையெல்லாம் பிரிண்ட் எடுத்து கூரியரில் போட்டுவிட்டேன். வேறு என்ன செய்ய? கூடவே ஒரு சீட்டும் வைத்தேன். தேர்வுக்கு முந்தின நாள் தோட்டத்தில் எடுப்பு வேண்டாம் என்று.

திட்டுவதானால் திட்டுங்கள், படித்துவிட்டுத் திட்டுங்கள். :)