கருந்துளைப் படம் விமானத்தில் வந்தது ஏன்? அறிவியல் தரவு சிக்கிக்கொள்ளும் கடைசி அரை கிலோமீட்டர்

2019 ஏப்ரல் 10 அன்று வெளியான கருந்துளையின் முதல் படம் உங்களுக்கு நினைவிருக்கும். மங்கலான ஆரஞ்சு வளையம், அன்று வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ் முழுக்க அதுதான். ஆனால் அதற்கான தரவு எப்படி வந்து சேர்ந்தது என்று அவ்வளவாக யாரும் பேசவில்லை. ஹவாய், சிலி, ஸ்பெயின், தென் துருவம் என ஆறு இடங்களில் இருந்த எட்டுத் தொலைநோக்கிகள் 2017 ஏப்ரலில் சேகரித்தது சுமார் 5 பெட்டாபைட். நம் கணக்கில் 5,000 டெராபைட். அதை இணையத்தில் யாரும் அனுப்பவில்லை. ஹார்டு டிஸ்க்குகளில் ஏற்றி, விமானத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸுக்கும் ஜெர்மனியின் பான் நகரத்துக்கும் கொண்டுபோனார்கள். டிஸ்க்குகளின் எடை மட்டுமே அரை டன். குளிர்காலத்தில் தென் துருவத்துக்கு விமானம் போகாது என்பதால், அங்கிருந்த டிஸ்க்குகள் வந்து சேர அந்த ஆண்டு டிசம்பர் ஆகிவிட்டது.

தென் துருவத்துக்குக் கேபிள் இல்லை, சரி. ஃபைபர் கேபிள் வாசல் வரை வந்திருக்கும் இடங்களிலும் ஹார்டு டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு போவது ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. இந்திய அறிவியலுக்கு இது இப்போது முக்கியமான கேள்வியும்கூட.

வரப்போகும் வெள்ளம்

ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் எஸ்கேஏ என்ற மாபெரும் ரேடியோ தொலைநோக்கி கட்டப்பட்டு வருகிறது. ஆஸ்திரேலியப் பகுதியில் மட்டும் 1,31,072 ஆன்டெனாக்கள், தென்னாப்பிரிக்காவில் 197 டிஷ்கள். இதில் இந்தியா சேர ரூ.1,250 கோடி ஒதுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த செய்தி 2024 ஜனவரியில் வந்தது. நமக்கு இது திடீர் ஆசை அல்ல. 1970-ல் ஊட்டி மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியைக் கட்டி, பிறகு புனே அருகே 30 பெரிய டிஷ்களுடன் ஜிஎம்ஆர்டியை எழுப்பிய கோவிந்த் ஸ்வரூப் காலத்திலிருந்து ரேடியோ வானியலில் நமக்குப் பெயர் உண்டு.

எஸ்கேஏ முழுமையாக ஓடத் தொடங்கியதும், உலகெங்கும் உள்ள மண்டலத் தரவு மையங்களுக்கு ஆண்டுக்கு சுமார் 700 பெட்டாபைட் அனுப்ப வேண்டியிருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பைட்டை பிட்டாக்க 8-ஆல் பெருக்கி, ஓர் ஆண்டின் விநாடிகளால் வகுத்தால் நொடிக்கு ஏறக்குறைய 180 ஜிகாபிட். உங்கள் வீட்டில் 100 எம்பிபிஎஸ் இணைப்பு இருந்தால், அப்படி 1,800 வீடுகளின் இணைப்பை ராப்பகலாக ஒரு நொடியும் நிறுத்தாமல் ஓட்டுவதற்குச் சமம்.

இது மட்டுமா? ஜெனீவாவில் உள்ள சேர்ன் ஆய்வகத்தின் டிஸ்க் சேமிப்புத் திறன் 2023-ல் ஒரு எக்ஸாபைட்டைத் தாண்டியது, அதாவது 10 லட்சம் டெராபைட். அந்தத் தரவைப் பங்கிட்டு ஆராயும் உலகக் கணினி வலையில் மும்பையின் டிஐஎஃப்ஆரும் கொல்கத்தாவின் விஇசிசியும் இந்திய மையங்கள். சேர்னின் மோதல் கருவி மேம்படுத்தப்பட்டு 2030 வாக்கில் மீண்டும் ஓடும்போது தரவு பல மடங்காகும். அதற்கு நெட்வொர்க் தாங்குமா என்று 2024 பிப்ரவரியில் ஒத்திகையே பார்த்தார்கள், எதிர்பார்க்கப்படும் அளவில் கால் பங்கு தரவை அனுப்பி.

900 எம்பிபிஎஸ் காட்டிய ஸ்பீடு டெஸ்ட்

இனி ஒரு சொந்தக் கதை. என் கல்லூரி நண்பன் ஒருவன் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் போஸ்ட்டாக் செய்கிறான். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். ஐரோப்பிய சர்வர் ஒன்றிலிருந்து அவனுக்கு 10 டெராபைட் தரவு வேண்டும். ஸ்பீடு டெஸ்ட் 900 எம்பிபிஎஸ் என்று காட்டுகிறது. டவுன்லோடு போட்டால் 12 எம்பிபிஎஸ்கூடத் தாண்டவில்லை. கணக்குப் போட்டான்: 80 நாள். கடைசியில் ஜெர்மனியிலிருந்து ஊருக்கு வரும் ஒருவரிடம் ஹார்டு டிஸ்க் கொடுத்துவிடச் சொன்னான். வளைகுடாவிலிருந்து வருபவரிடம் சென்ட் பாட்டில் கொடுத்து அனுப்புவது மாதிரி.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. 900-ம் உண்மை, 12-ம் உண்மை. எப்படி?

இணையத்தில் தரவு சின்னச் சின்ன பாக்கெட்டுகளாகப் போகிறது. பெரும்பாலான தரவைக் கொண்டுசெல்லும் டிசிபி என்ற நெறிமுறைக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பாக்கெட் தொலைந்தாலும் 'பாதையில் நெரிசல்' என்று எடுத்துக்கொண்டு வேகத்தைச் சட்டென்று பாதியாக்கும். பிறகு மெதுவாக ஏற்றும். எவ்வளவு மெதுவாக? பாக்கெட் போய் 'கிடைத்தது' என்ற பதில் திரும்பி வரும் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே ஊருக்குள் இந்தச் சுற்று ஒரு மில்லிவிநாடியில் முடிந்துவிடும். ஐரோப்பா என்றால் 150 மில்லிவிநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே சறுக்கலிலிருந்து எழுந்து நிற்க 150 மடங்கு நேரம். எழுவதற்குள் அடுத்த பாக்கெட் தொலைந்திருக்கும்.

எத்தனை பாக்கெட் தொலைந்தால் இந்த நிலை? அமெரிக்க அறிவியல் ஆய்வகங்களை இணைக்கும் இஎஸ்நெட் வலையில் நடந்ததை அதன் பொறியாளர்கள் 2013-ல் எழுதினார்கள். ஒரு ரவுட்டரின் அட்டை பழுதாகி, 22,000 பாக்கெட்டுகளுக்கு ஒன்றை மட்டும் தவறவிட்டது. ரவுட்டரின் சொந்தக் கண்காணிப்பில் பிழை எதுவும் பதிவாகவில்லை. இரு முனைகளுக்கிடையே சோதனைப் பாக்கெட் அனுப்பி எண்ணிப் பார்த்ததால்தான் தெரிந்தது. ஆனால் நெடுந்தூரப் பரிமாற்றங்கள் படுத்துவிட்டன.

அதே 22,000-க்கு ஒன்று என்ற இழப்பை டிசிபியின் வழக்கமான சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். ஊருக்குள் ஒரு மில்லிவிநாடிச் சுற்றுக்கு 1.7 ஜிபிபிஎஸ் வரை வருகிறது. 150 மில்லிவிநாடிக்கு? சுமார் 12 எம்பிபிஎஸ். ஸ்பீடு டெஸ்ட் சர்வர் ஊருக்குள்ளேயே இருப்பதால் அதற்கு இந்த நோய் தெரியவே தெரியாது.

இழப்பே இல்லாவிட்டாலும் இன்னொரு தடை உண்டு. 10 ஜிபிபிஎஸ் குழாயை 150 மில்லிவிநாடித் தூரத்துக்கு நிரப்ப, எந்த நேரமும் 187 எம்பி தரவு வழியில் இருந்தாக வேண்டும். உங்கள் கணினி 6 எம்பிக்கு மேல் பதில் வராமல் அனுப்ப மாட்டேன் என்றால், எவ்வளவு பெரிய குழாய் இருந்தும் கிடைப்பது 320 எம்பிபிஎஸ்தான். அமைப்பில் நாலு எண்களை மாற்றும் வேலை இது. யாராவது மாற்ற வேண்டுமே!

யானையும் காவலாளியும்

சரி, பாக்கெட்டுகள் தொலைவது எங்கே? கடலடிக் கேபிளில் என்று நினைப்போம். பெரும்பாலும் இல்லை. வளாகத்தின் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஃபயர்வாலில்தான் பல நேரம் சிக்கல்.

ஃபயர்வால் வடிவமைக்கப்பட்டது உங்களையும் என்னையும் போன்றவர்களுக்காக: ஆயிரக்கணக்கான பேர், ஆளுக்குச் சின்னச் சின்ன வேலை, மெயில், வீடியோ கால், ரயில் டிக்கெட். ஒவ்வொரு பாக்கெட்டையும் பார்த்து அனுப்பும் காவலாளி அது. இந்தக் கூட்டத்தைப் பல சிறிய செயலிகளுக்குப் பிரித்துக் கொடுத்துச் சமாளிக்கும். அறிவியல் தரவு அப்படி வராது. ஒரே இணைப்பு, ஆனால் பிரம்மாண்டம். நெட்வொர்க் துறையிலேயே இதை யானை என்றுதான் சொல்கிறார்கள். யானை வந்ததும் காவலாளியின் சின்ன அறை நிரம்பி வழிகிறது, வழிந்தது தொலைகிறது.

சில நேரம் காவலாளி வேறு விதத்திலும் கெடுப்பார். அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகப் பொறியியல் துறையில் 1 ஜிபிபிஎஸ் இணைப்பு இருந்தும் 50 எம்பிபிஎஸ்தான் வந்தது. பாதுகாப்புக்கு என்று இருந்த ஒரு ஃபயர்வால் வசதி, வழியில் இருக்கக்கூடிய தரவின் அளவை 64 கேபிக்குச் சுருக்கிக்கொண்டிருந்தது. அதை அணைத்ததும் உள்வரும் வேகம் ஏறக்குறைய 5 மடங்கும், வெளியே போகும் வேகம் சுமார் 12 மடங்கும் ஏறியது. புதிதாக ஒரு மீட்டர் கேபிள்கூடப் போடவில்லை.

இதற்கு இஎஸ்நெட் பொறியாளர்கள் 2010 வாக்கில் வைத்த தீர்வின் பெயர் 'சயின்ஸ் டிஎம்இசட்'. பெயர் பெரிது, விஷயம் எளிது. கோயிலுக்குள் யானை போக ஒரு வாசல், கூட்டம் போக ஒரு வாசல். தரவு பரிமாற்றத்துக்கு மட்டுமே ஒரு கணினி, வேறு எந்த மென்பொருளும் அதில் கிடையாது. அது வளாகத்தின் எல்லையிலேயே, பொது ஃபயர்வாலுக்கு வெளியே நிற்கும். எந்த முகவரிகள் அதனுடன் பேசலாம் என்ற பட்டியலை ரவுட்டரே சரிபார்க்கும். பக்கத்தில் பர்ஃப்சோனார் என்ற இலவச மென்பொருள், பாக்கெட் இழப்பை நாள் முழுக்க அளந்துகொண்டிருக்கும். பாதுகாப்பைக் கைவிடுவதாக இதைப் பார்க்க வேண்டியதில்லை. ஒரே வேலை செய்யும் கணினியைக் காப்பது, எல்லா வேலையும் செய்யும் லேப்டாப்பைக் காப்பதைவிடச் சுலபம்.

மற்ற முன்னேற்றங்களும் உண்டு. 1,500 பைட் பாக்கெட்டை 9,000 பைட்டாக்கினால், அதே இழப்பிலும் வேகம் ஆறு மடங்காகும். ஆனால் வழியில் உள்ள எல்லாக் கருவிகளும் சம்மதிக்க வேண்டும். இழப்பைப் பார்த்து உடனே பயப்படாத பிபிஆர் என்ற முறையை கூகுள் 2016-ல் வெளியிட்டது. 2022-ல் இஎஸ்நெட் தன் ஆறாம் தலைமுறை வலையைத் திறந்தபோது அதன் மொத்தத் திறன் நொடிக்கு 46 டெராபிட். தலைப்புச் செய்தியானது இந்த எண்தான். எனக்கு அதைவிடச் சுவாரசியமானது, அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2012 முதல் வளாகங்களுக்குள் இருக்கும் நெட்வொர்க்கைச் சரிசெய்யவே தனியாக நிதி கொடுத்துவருவது.

நம் பணம் எங்கே போனது?

இந்தியா இதில் தூங்கிவிடவில்லை. 1986-ல் தொடங்கிய எர்நெட்டில் ஐஐடி மெட்ராஸ் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் இணைந்தன. 2010 மார்ச்சில் தேசிய அறிவு வலையமைப்புக்கு, என்கேஎன் என்றால் பலருக்குத் தெரியும், 10 ஆண்டுகளுக்கு ரூ.5,990 கோடி ஒப்புதல் கிடைத்தது. 1,500 நிறுவனங்களை இணைப்பது இலக்கு. 2015-ல் ரூ.4,500 கோடியில் தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டம் வந்தது. அதில் உருவான பரம் பொருள் 2022 முதல் திருச்சி என்ஐடியில் இருக்கிறது. அந்தக் கணினிகளை நாட்டோடு இணைப்பதும் இதே என்கேஎன்தான். முதுகெலும்பு என்ற அளவில் இது நல்ல வேலை, குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் தேசிய வலை, வளாகத்தின் வாசலில் நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் ஃபயர்வால், பழைய ஸ்விட்ச், ஆய்வகத்து லினக்ஸ் கணினியின் அமைப்பு எல்லாம் அந்தந்த நிறுவனத்தின் பாடு. பெரிய ஆய்வகத்தில் இதற்கென்றே ஆட்கள் இருப்பார்கள். மாநிலப் பல்கலைக்கழகத்தில் வைஃபை புகாரையும் பிரின்டரையும் பார்க்கும் அதே இரண்டு பேர்தான் இதையும் பார்க்க வேண்டும். வேகமாகப் போகவில்லை என்று யாரும் அவர்களைக் கேள்வி கேட்பதில்லை. ஹேக் ஆனால் கேட்பார்கள். பிறகு யார் ஃபயர்வாலில் கை வைப்பார்?

நாம் அளக்கும் விதமும் இதற்குத் துணை போகிறது. எத்தனை நிறுவனங்கள் இணைந்தன, எத்தனை ஜிகாபிட் கொடுத்தோம் என்பது அறிக்கையில் நன்றாக இருக்கும். ஒரு மாணவி தன் மேசையிலிருந்து ஒரு டெராபைட்டை எத்தனை மணி நேரத்தில் எடுக்க முடிந்தது என்பதல்லவா கேட்க வேண்டிய எண்?

'தரவை ஏன் நகர்த்த வேண்டும்? அது இருக்கும் இடத்துக்கு நிரலை அனுப்பினால் போதுமே' என்று உங்களில் கிளவுடில் வேலை பார்ப்பவர்கள் கேட்கலாம். நியாயம்தான், எஸ்கேஏவின் மண்டல மையங்களும் பெருமளவு இந்த வழியில்தான் போகின்றன. ஆனால் தரவு இருக்கும் இடத்தில் கணினி யாருடையதோ, வரிசையில் யாரை முன்னே விடுவது என்பதை முடிவு செய்வதும் அவர்கள்தான். மேலும் எல்லாத் துறையும் வானியல் அல்ல. ஒரு மனித மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்தால் சுமார் 100 ஜிபி தரவு வரும். நூறு நோயாளிகளை ஆராயும் சிறிய குழுவுக்கே 10 டெராபைட் ஆகிவிடுகிறது. அவர்களுக்காக யாரும் மண்டல மையம் கட்டப்போவதில்லை.

என் நண்பனின் கதைக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. ஹார்டு டிஸ்க் வந்தது, ஆய்வு நடந்தது. அதற்குப் பிறகு அவனும் கணினி மையத்தில் ஒருவரும் சேர்ந்து, ஃபயர்வாலுக்கு வெளியே ஒரு பழைய சர்வரை வைக்க அனுமதி கேட்டார்கள். சர்வரை அமைக்க ஒரு வாரக்கடைசி போதுமானதாக இருந்தது. கோப்பு மேசை மேசையாக நகர்ந்து அனுமதி வர எட்டு மாதம். அடுத்த 10 டெராபைட் இரண்டு நாளில் வந்துவிட்டது. அந்தக் கணினி மையத்துக்காரர் ஒப்பந்த ஊழியர், இந்த மார்ச்சுடன் அவரது ஒப்பந்தம் முடிகிறது.