விமானத்தின் சாட்சியமும் நடவு வயலும்

சென்னைக்கு வந்துபோன பிரயாணி விமானம் ஒன்று நம் வயல்களைப் பற்றிச் சாட்சி சொல்லியிருக்கிறது. அந்தச் சாட்சியத்தை யார் தலையில் கட்டப் போகிறார்கள் என்பதே நம் கேள்வி.

ஜெர்மனியில் மாயின்ஸ் நகரத்து மாக்ஸ் பிளாங்க் ரசாயன ஆராய்ச்சி நிலையத்தார், ஒன்றரை டன் எடையுள்ள கருவிப் பெட்டியை லுப்தான்சா கம்பெனி விமானத்தின் சரக்கறையில் ஏற்றினார்கள். மேலே பிரயாணிகள் தூங்க, அடிவயிற்றுக் குழாய் வெளிக்காற்றை உறிஞ்சும். சில வாயுக்கள் அங்கேயே அளக்கப்படும். மிச்சக் காற்று கண்ணாடிக் குடுவைகளில் அடைபட்டு ஆய்வுக்கூடம் போகும். எப்படியும் பறக்கிற விமானம், செலவு குறைவு. (அந்த விமானமும் புகை கக்கிக்கொண்டுதான் பறக்கிறது.) 1994 முதல் வேறு சில பிரயாணி விமானங்களும் சிறு கருவிகளோடு ஓசோனை அளந்து வருகின்றன, 60,000 பயணங்களுக்கு மேல் ஆகிவிட்டன.

2008இல் அந்தப் பெட்டி பிராங்க்பர்ட்டிலிருந்து சென்னைக்குப் பலமுறை வந்தது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மீத்தேன் வாயு மிகுந்திருக்கக் கண்டார்கள். மழைமேகங்கள் தரையோரக் காற்றை அள்ளி அவ்வளவு உயரம் ஏற்றிவிடுகின்றன. நெல்வயல், சதுப்பு நிலம், கால்நடை இவற்றிலிருந்து வருவது அதில் பெரும் பங்கு என்பது அவர்கள் முடிவு.

இதை நாம் மறுக்கவில்லை. நீர் கட்டிய சேற்றில் காற்றுப் புகாது. அங்குள்ள நுண்கிருமிகள் மீத்தேனை உண்டாக்கும். ஆனால் மீத்தேன் சுமார் பத்து வருஷத்தில் அழிந்துபோகும். நூற்றாண்டுக்கு மேலாக நிலக்கரியும் எண்ணெயும் எரித்து லாபம் குவித்தவர்கள் விட்ட கரியமில வாயுவோ பல நூறு வருஷம் நிற்கும். அவர்களின் கணக்கை மூடிவிட்டு, நாற்று நடும் பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற விடமாட்டோம்!

ஆலைத் தோழர்களும் கேட்கலாம்: வானத்துக் காற்றை அளக்க முடிகிறபோது, நூற்பு இலாகாவில் பறக்கும் பஞ்சுத் தூசியை ஷிப்டுக்கு ஷிப்டு அளந்து நோட்டீஸ் பலகையில் ஒட்ட ஏன் முடியாது? நியாயமான கேள்வி, தனியே எழுதுவோம்.

வயலைக் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சினால் மீத்தேன் குறையும், தண்ணீரும் மிச்சம் என்கிறார்கள் விஞ்ஞானிகள். நல்ல யோசனைதான். ஆனால் மறுமுறை வாய்க்காலில் தண்ணீர் வரும் என்ற நிச்சயம் இல்லாமல் எந்தச் சிறு விவசாயி வயலைக் காயவிடுவான்? காய்ந்த வயலில் களை கூடும். களை பறிக்கக் கூடுதல் ஆள், கூடுதல் நாள் வேண்டும். ஆகவே, சர்க்கார் இந்த முறையைக் கொண்டுவருவதானால், முதலில் கடைமடை வரை முறைத் தண்ணீருக்கு உத்தரவாதம் தரட்டும். கூடுகிற களையெடுப்புக்கு முழுக் கூலியைச் சர்க்காரே ஏற்கட்டும் என்று கோருகிறோம்.