துபாஷியும் பதிவேடும்



திருமணத்திற்காக ஞானஸ்நானச் சான்று கேட்டு வந்த நம் சபைப் பிள்ளையை, "பதிவு இருக்கிறது; திறக்க முடியவில்லை" என்று அண்மையில் திருப்பி அனுப்ப நேர்ந்தது. 2018-இல் வீசிய கஜா புயலில் பழைய பதிவேட்டின் சில தாள்கள் நனைந்து அழிந்தன. எஞ்சியது கணினிப் பதிவு மட்டுமே. அதுவும் விண்டோஸ் இயங்குதளத்திற்கென எழுதப்பட்ட பழைய மென்பொருளுக்குள் இருக்கிறது. அக்கணினியோ பழுதாகிவிட்டது. உரிமமில்லாத விண்டோஸ் நகலை ஏற்றிவிடலாம் என்று சிலர் அன்போடு ஆலோசனை கூறினர்.

களவு கூடாதென்று பிரசங்கபீடத்தில் போதித்துவிட்டு, ஆலய அலுவலகத்தில் அதையே செய்யலாமா?

நேர்மையான வழி ஒன்று உண்டு. நம் வாலிபர்கள் கணினியைச் சீர்செய்து, கட்டணமில்லாத லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினர். அதன்மேல் 'வைன்' என்னும் மென்பொருளையும் சேர்த்தனர். பெயரைக் கேட்டுத் திகைக்க வேண்டாம். இது திராட்சரசம் அன்று! 1993-இல் தொடங்கப்பட்ட இம்மென்பொருள் ஒரு துபாஷியைப் போன்றது. கோப்பைத் திறக்கவும் எழுத்தைக் காட்டவும் பழைய மென்பொருள் விண்டோஸ் மொழியில் கேட்பதை, லினக்ஸ் அறிந்த கட்டளையாக மாற்றித் தருகிறது. பதிவு திறந்தது. தமிழ்ப் பெயர்கள் முதலில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றின. அன்று பயன்படுத்திய எழுத்துருவையும் நிறுவிய பின்னரே அவை தெளிந்தன.

ஆயினும் இதோடு நின்றுவிடலாகாது என்பதே என் கருத்து. எல்லா மென்பொருளும் வைனில் இயங்குவதில்லை. இயங்குவதும் என்றென்றும் இயங்கும் என்பதற்கு உறுதியில்லை. தஞ்சை மராத்திய அரசின் மோடி எழுத்து ஆவணங்கள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. தாள் இருக்கிறது, படிக்கத் தெரிந்தோர் அருகிவிட்டனர். நம் பதிவுகளுக்கும் அந்நிலை வேண்டாம். துபாஷி உடனிருக்கும்போதே அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, எந்தக் கணினியிலும் திறக்கும் எளிய கோப்பாகச் சேமிப்போம். தாளிலும் அச்சிட்டு வைப்போம்.

நடவு வேலை ஓய்ந்ததும், ஞாயிறு ஆராதனைக்குப் பின் அலுவலகத்திற்கு வாருங்கள். தட்டச்சு அறிந்த பிள்ளைகள் எழுதட்டும்; குடும்பங்களை அறிந்த பெரியோர் பெயர்களைச் சரிபார்க்கட்டும். அவை வெறும் எழுத்துகள் அல்ல. நம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட ஆத்துமாக்களின் பெயர்கள். சிறிய காரியத்திலும் உண்மையுள்ளவர்களாயிருக்கக் கர்த்தர் நமக்குக் கிருபை அருள்வாராக. ஆமென்.