வாட்ஸ்அப் குரூப் இருக்கு... சங்கம் இருக்கா?

காலை 6 மணிக்கு முதல் மெசேஜ் வந்து விழும். “இன்னைக்கு நம்ம தெருவுக்குத் தண்ணி உண்டாண்ணே?” பதிலுக்கு ரெண்டு கட்டை விரல், ஒரு ‘குட் மார்னிங்’ ரோஜாப்பூ. ஏழு மணிக்கு, “மூணாவது தெருவுல லைட்டு நாலு நாளா எரியல.” சாயங்காலம் தெருநாய்ப் பிரச்னை. ராத்திரி, காலி மனையில் யாரோ கொட்டிவிட்டுப் போன குப்பையின் போட்டோ. பெரியகுளத்தைச் சுற்றி வயல்களுக்கும் தோப்புகளுக்கும் நடுவே முளைத்திருக்கும் எந்த நகரில் குடியேறினாலும், பால்காரர் நம்பருக்கு அடுத்ததாக இப்படி ஒரு குரூப்பின் அழைப்புதான் செல்போனுக்கு வரும்.

நல்ல விஷயம்தான். ஆனால், நகருக்குள் ‘பூங்கா’ என்று விடப்பட்ட இடத்தில் ஒருநாள் காலையில் யாரோ கல் ஊன்றி, கம்பி வேலி போட்டால் என்ன செய்வது? யார் பெயரில் மனு கொடுப்பது? அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் யாரிடம் இருக்கிறது? ‘அநியாயம்’, ‘கண்டிக்கிறோம்’ என்று மெசேஜ்கள் பறக்கும். மனுவில் கையெழுத்துப் போட ஆள் தேடினால், பாதிப் பேர் ‘லாஸ்ட் சீன்’ போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். குரூப் வேறு, சங்கம் வேறு என்பது அன்றைக்குத்தான் புரியும்.

ரோட்டுக்கு இந்தப் பக்கம் நகராட்சி... அந்தப் பக்கம்?

வராக நதி நடுவே ஓட, வடகரை, தென்கரை என்று இரு பக்கமும் விரிந்த ஊர் பெரியகுளம். நகராட்சியின் எல்லை ஓரிடத்தில் முடிந்துவிடுகிறது. வீடுகள் முடிவதில்லை. தென்கரை, வடுகபட்டி, தாமரைக்குளம் ஆகியவை பேரூராட்சிகள். கீழவடகரை ஓர் ஊராட்சி. விலாசம் கேட்டால் எல்லோரும் சொல்வது ‘பெரியகுளம்’தான். ஆனால், தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் போய் நிற்க வேண்டிய அலுவலகம் வேறு வேறு.

சங்கம் ஆரம்பிக்க நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். உங்கள் நகர் எந்த உள்ளாட்சிக்குள் வருகிறது? வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் பதில் இருக்கும். ஊராட்சி என்றால் உங்களுக்குக் கிராம சபை உண்டு. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி என நான்கு நாள்கள் நடந்துவந்த கிராம சபை, உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1 ஆகியவற்றையும் சேர்த்து, 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை என்று அறிவிக்கப்பட்டது. நகராட்சி என்றால் ‘பகுதி சபா’. இதற்கான விதிகளும் 2022-ல்தான் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று தமிழகம் முழுக்க பகுதி சபாக்கள் கூடின.

வாக்காளராக இருக்கும் யாரும் அங்கே போய்ப் பேசலாம். தனியாகப் போகிறவர் ‘எங்க வீட்டு வாசல்ல சாக்கடை’ என்பார். சங்கமாகப் போகிறவர்கள் ‘நான்கு தெருக்களில் இத்தனை அடிக்கு வடிகால் இல்லை’ என்று எழுதிக் கொடுத்து, மனு பெற்றதற்கு ரசீது வாங்கிக்கொண்டு வருவார்கள். அடுத்த கூட்டத்தில் அந்த ரசீதைக் காட்டி, ‘என்ன ஆச்சு?’ என்று கேட்கவும் முடியும்.

அந்தப் பத்து சதவிகிதம் யாருக்குச் சொந்தம்?

மனை வாங்கும்போது எல்லோரும் பார்ப்பது தங்கள் மனையின் நீளம், அகலம், திசை. அதே வரைபடத்தில் பச்சை வண்ணத்திலோ, கோடு போட்டோ காட்டப்பட்டிருக்கும் இன்னோர் இடத்தைப் பலரும் கவனிப்பதில்லை. அதுதான் திறந்தவெளி ஒதுக்கீடு. ‘ஓஎஸ்ஆர் இடம்’ என்று புரோக்கர்கள் சொல்வது இதைத்தான்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், அதாவது சுமார் இரண்டரை ஏக்கரைத் தாண்டினால், சாலைகள் போக மீதமுள்ள பரப்பில் 10 சதவிகிதத்தைப் பூங்கா, விளையாட்டுத் திடல் போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு விட்டே ஆக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் இடமாகக் கொடுக்கலாம், அல்லது வழிகாட்டி மதிப்புப்படி பணமாகக் கட்டலாம். இப்படி விடும் இடத்தையும் சாலைகளையும் மனைப்பிரிவு போட்டவர் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

கொடுத்த பிறகு அந்த இடம் மனை போட்டவருக்கும் சொந்தமில்லை, பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொந்தமில்லை, சங்கத்துக்கும் சொந்தமில்லை. அது பொது இடம். உள்ளாட்சி அதன் காவலர். இதில் சங்கத்துக்கு ஒரு பாடமும் உண்டு. பொதுவாகிவிட்ட சாலையில் ‘எங்க நகருக்கு வெளியாட்கள் வரக் கூடாது’ என்று கேட் போட்டுப் பூட்ட முடியாது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இடம் பல வருடங்கள் சும்மா கிடக்கும்போதுதான். முதலில் அங்கே முள் செடி வளரும். பிறகு மாடு கட்டுவார்கள். அப்புறம் ஒரு தகரக் கொட்டகை. விழித்துக்கொள்ளும்போது, ‘இது யார் இடம்?’ என்று கேட்கவே ஒரு தலைமுறை கடந்திருக்கும். மனை வாங்கியபோது வந்த வரைபட நகலும் அதற்குள் பீரோவில் செல்லரித்துப் போயிருக்கும்.

ஆஸ்பத்திரிக்கே ஆனாலும்..!

பெங்களூரில் ராஜ்மகால் விலாஸ் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நடந்தது இந்தியா முழுக்க உள்ள குடியிருப்போருக்கு உதவுகிறது. அங்கே பூங்காவுக்கென ஒதுக்கிய ஓர் இடத்தை, அரசின் உத்தரவுப்படி, பெங்களூர் வளர்ச்சி ஆணையம் ஒரு தனியார் மருத்துவ அறக்கட்டளைக்கு ஆஸ்பத்திரி கட்டக் கொடுத்தது. அந்தப் பகுதி மக்கள் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தனி நீதிபதி முன்பு தோற்றார்கள். விடாமல் மேல்முறையீடு செய்தார்கள், ஜெயித்தார்கள். அறக்கட்டளை உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1991 ஜூலையில் தீர்ப்பு மக்கள் பக்கமே வந்தது.

ஆஸ்பத்திரியும் ஊருக்கு நல்லதுதானே என்று தோன்றலாம். அங்கேயும் அந்த வாதம் வந்தது. ஆனால், பூங்காவுக்கென்று திட்டத்தில் ஒதுக்கிய இடத்தைச் சட்டத்தை மீறி இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுக்க அரசுக்கும் அதிகாரமில்லை என்று நீதிமன்றம் சொன்னது. அதைவிட முக்கியமாக, அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களுக்கு இதைத் தட்டிக் கேட்கும் உரிமை உண்டு என்பதையும் ஏற்றுக்கொண்டது. ‘உன் மனையிலயா கட்டுறாங்க, உனக்கென்ன?’ என்று கேட்பவர்களுக்கான பதில் இது.

ஏழு பேர் போதும்!

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி, ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர் வேண்டும். அவர்களின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. சங்கத்தின் நோக்கம், உறுப்பினர் யார், சந்தா எவ்வளவு, தேர்தல் எப்படி என்பதையெல்லாம் துணை விதிகளாக எழுதி, மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். வருவாய்த்துறைக் கணக்கில் தேனி மாவட்டம் என்றாலும், பதிவுத்துறையில் ‘பெரியகுளம்’ என்ற பெயரிலேயே பதிவு மாவட்டம் உண்டு.

பதிவு செய்வதோடு வேலை முடிவதில்லை. ஆண்டுக்கொரு முறை பொதுக்குழு கூட வேண்டும். வரவு செலவுக் கணக்கை வைக்க வேண்டும். அதைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பெரும்பாலான சங்கங்கள் இடறி விழுவது இங்கேதான். முதல் வருடம் பொங்கல் விளையாட்டு, கோலப்போட்டி என்று கொண்டாட்டமாக இருக்கும். மூன்றாவது வருடம் தலைவரும் பொருளாளரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். காரணம், பெரும்பாலும் எழுதி வைக்காத ஒரு ஐந்நூறு ரூபாயாக இருக்கும்.

விதிகளை எழுதும்போதே யோசிக்க வேண்டிய இன்னொன்று, வாடகைக்கு இருப்பவர்கள். ‘வீட்டு உரிமையாளர்கள் சங்கம்’ என்று பெயர் வைத்தால், அவர்கள் வெளியாட்கள் ஆகிவிடுவார்கள். ‘குடியிருப்போர் நலச் சங்கம்’ என்றால் அவர்களும் உள்ளே வரலாம். தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் குடத்தோடு அலைவது வீட்டுக்காரரா, வாடகைக்கு இருப்பவரா? கூட்டத்தை ஆண்கள் மட்டும் டீக்கடை பெஞ்சில் முடித்துவிடாமல், பெண்கள் வரக்கூடிய நேரத்தில் வைப்பதும் அதே கணக்குதான். எந்தத் தெருவில் லைட் எரியவில்லை என்பது டியூஷனுக்குப் போய்வரும் மகளைக் கூட்டிவரும் அம்மாவுக்குத்தான் முதலில் தெரியும்.

அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் வழி வேறு. அதற்கென 2022-ல் இயற்றப்பட்ட தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் இருக்கிறது. இங்கே சொல்வது தனி வீடுகளும் மனைகளும் கொண்ட நகர்களுக்கு.

சங்கத்தின் முதல் ஃபைல்

எல்லா நகரிலும் ஓர் ஓய்வுபெற்ற வாத்தியார் இருப்பார். ‘சார், நீங்களே தலைவரா இருங்க’ என்று அவர் தலையில் கட்டிவிடுவார்கள். அவருடைய முதல் வேலை தெருவுக்குப் பெயர்ப்பலகை வைப்பது அல்ல. ஒரு ஃபைல் போடுவது.

அதில் முதலில் இருக்க வேண்டியது, அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தின் நகல். மனை போட்டவரிடம் கிடைக்காவிட்டால் உள்ளாட்சியிலோ, நகர் ஊரமைப்புத் துறையிலோ தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாள்களில் பதில் தர வேண்டும். சங்கத்தின் பெயரில் கேட்காமல், உறுப்பினர் ஒருவரின் பெயரில் கேட்பது நல்லது. அந்தச் சட்டம் உரிமை தருவது குடிமகனுக்கு. இரண்டாவது, பூங்கா இடத்துக்கும் சாலைக்குமான தானப் பத்திரத்தின் நகல். மூன்றாவது, அந்த சர்வே எண்ணுக்கான வில்லங்கச் சான்று. பதிவுத்துறையின் இணையதளத்தில் செல்போனிலேயே இலவசமாகப் பார்க்கலாம். தானப் பத்திரம் பதிவாகவே இல்லை என்று தெரியவந்தால், சங்கத்தின் முதல் மனு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

காகிதம் சரியாக இருந்தால் அடுத்து வேலையில் இறங்கலாம். பூங்காவுக்குச் சுற்றுச்சுவரோ நடைபாதையோ வேண்டுமென்றால், தமிழக அரசின் ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால், மீதியை அரசு போடும். குப்பைக்கு வழிகாட்டியாக, 1989-ல் சென்னையில் எம்.பி.நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா இருக்கிறது. தெருவாசிகளே மாதச் சந்தா போட்டு, வண்டியோடு ஓர் ஆளை அமர்த்தி, வீடு வீடாகக் குப்பை வாங்கும் முறையைத் தெருத்தெருவாகக் கொண்டுபோன இயக்கம் அது.

அதற்காக வாட்ஸ்அப் குரூப்பைக் கலைத்துவிட வேண்டாம். ஊருக்குக் குடிநீர் தரும் சோத்துப்பாறை அணையின் உயரம் 126.28 அடி. மழைக்காலத்தில் அது நிரம்பி வழிந்தால், வராக நதிக் கரையோரம் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை வரும். அந்த நேரத்தில் துணை விதிகளைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது. ஒரு மெசேஜ்தான் உயிர் காக்கும். குரூப் அன்றைக்கு நடப்பதைச் சொல்லும். பத்து வருடங்களுக்கு முன்பு நடந்ததை, சங்கத்தின் ஃபைல்தான் சொல்லும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை குரூப்பில் ஒரே ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்கள். “நம்ம நகரோட லேஅவுட் மேப் யார்கிட்ட இருக்கு?” பதில் வந்தால் சந்தோஷம். கட்டை விரல் மட்டும் வந்தால், ஏழு பேரைத் தேடத் தொடங்கலாம்.

அடுத்த வாரம்: சங்கத்தின் சந்தாக் கணக்கு... சண்டை வராமல் எழுதுவது எப்படி?